பைலட் என்னும் அமரக்காரன்

மலையாளத்தில் படகின் முன்தலை அணியம், பின்தலை அமரம். அமரத்தில் இருந்து படகைத் திருப்புபவன் அமரக்காரன். ஓர் இயக்கத்தின் தலைவரையும் அப்படியே அழைப்பார்கள். கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்துப் பொழியூரை அடுத்து, தமிழ்நாட்டின் நீரோடி. இரு மொழிகளும் சந்திக்கும் இந்த எல்லையில், விமானம் ஓட்டுபவர் எழுத்தில் தமிழருக்கு விமானி, மலையாளிக்கு வைமானிகன். பேச்சில் இருவருக்குமே பைலட்தான். அந்தச் சொல்லைத் தோண்டினால் அங்கேயும் அமரக்காரனே நிற்கிறான்: பிரெஞ்சு, இத்தாலியம் வழியாகக் கிரேக்கத்துப் ‘பேடோன்’ வரை போகிறது அது. பொருள், திசை திருப்பும் துடுப்பு.

நம் மாலுமி அரபு ‘முஅல்லிம்’. ஆசான் என்று பொருள். சுக்கானும் அரபுதான். தேர் ஓட்டுபவனைப் பழந்தமிழ் வலவன் என்றது. புறநானூற்றின் 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புகழுடையோர் ஏறிச்செல்லும் வான ஊர்திக்கு வலவனே வேண்டாம் என்கிறார். அது இறந்தபின் செல்லும் பயணம். உயிரோடு ஏறுகிறவர்களுக்கு அவன் வேண்டும் என்றே நினைக்கிறேன்.

1914 ஜூனில், பாரிஸ் அருகே நடந்த விமானப் பாதுகாப்புப் போட்டியில் லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற விமானி இரு கைகளையும் உயர்த்திக் காட்டியபடி பறந்தார். விமானத்தைச் சாயாமல் பிடித்திருந்தது சுழல்சக்கரக் கருவி. அன்று அதன் பெயர் வெறும் ‘நிலைநிறுத்தி’. ‘ஆட்டோபைலட்’ என்ற பட்டம் பிறகுதான் அதற்கு ஏறியது. பட்டம் ஏறியதால் பொறுப்பும் ஏறிவிடவில்லை. 2008 அக்டோபர் 7 அன்று சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்குச் சென்ற குவாண்டாஸ் விமானத்தில், ஒரு கருவி தந்த தவறான தகவலை நம்பிய கணினி, மூக்கைத் திடீரெனக் கீழே அழுத்தியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். வழியில் லியர்மன்த் விமான நிலையத்தில் அதைப் பத்திரமாக இறக்கியவர்கள் உள்ளே இருந்த விமானிகள்.

மனிதரும் தவறுகிறார்கள். 2020இல் கோழிக்கோட்டில் 21 பேரைப் பலிகொண்ட விபத்துக்கு, விமானத்தை இயக்கிய விமானி நடைமுறையைப் பின்பற்றாததே காரணமாக இருக்கக்கூடும் என்றது விசாரணை அறிக்கை. அதனால்தான் விமானி அறையில் ஒருவருக்கு இருவர் அமர்கிறார்கள். ஒருவர் பிழையை மற்றவர் தட்டிக்கேட்கவேண்டும்.

இப்போது தரையிலிருந்தே ஓட்டும் ‘ரிமோட் பைலட்’ வந்துவிட்டார். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளில் அவருக்கு ‘உரிமம்’; 2022 திருத்தத்தில் அது ‘சான்றிதழ்’ ஆனது. வயலுக்கு மருந்தடிக்க அது போதும். பயணிகள் விமானம் வேறு. அமரக்காரன் படகோடு நனைபவன். தரையில் இருப்பவரின் கைக்கும் விமானத்துக்கும் நடுவே இருப்பது வானொலித் தொடர்பு. அது அறுந்தால், முன்கூட்டியே எழுதிவைத்த கட்டளைப்படிதான் இயந்திரம் போகும். அந்தக் கட்டளையில் இல்லாத ஒன்று நடந்தால் முடிவெடுக்க உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள்.