இலங்கையின் தரைவண்டுகளும் அவற்றைத் தேடியோரும்

மலைக்காட்டிலே உளுத்துக் கிடக்கும் மரமொன்றைப் புரட்டிப் பார்த்த நேயர்கள், அதன் அடியிலிருந்து கரிய வண்டொன்று விரைந்தோடி மறைவதைக் கண்டிருப்பீர்கள். அது பறக்க முயலாது, ஓடியே தப்பும். பகலில் ஈரமான மறைவிடத்தில் ஒதுங்கி, இரவில் புழு பூச்சிகளை வேட்டையாடும் இத்தரைவண்டுகளுக்கு நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு.

அவ்வரலாறு கோப்பிக் காலத்திலே தொடங்குகின்றது. ஜோன் நீட்னர் என்னும் ஜேர்மானியர் மலைநாட்டில் கோப்பிப் பயிர்ச்செய்கையில் ஈடுபட்டிருந்தவர். 1850ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் இலங்கை வண்டுகள் பலவற்றை முதன்முதலாக விவரித்து எழுதியவரும் அவரே. 1861இல் கோப்பிச் செடியின் பகைகளைப் பற்றியும் நூல் செய்தார். வண்டுகளுக்குப் பெயரிட்ட அதே மனிதர், அவற்றின் காட்டை வெட்டி உண்டாக்கிய தொழிலினாலே வாழ்ந்தார். காட்டுக்கு முடிவே இல்லையென்று அக்காலத்தார் எண்ணினர் போலும்.

இலண்டனில் இருந்தபடியே பிரான்சிஸ் வாக்கர் 1858, 1859ஆம் ஆண்டுகளில் மேலும் பல இலங்கைப் பூச்சிகளுக்குப் பெயர் சூட்டினார். அவர் அவசரக்காரர், பின்வந்தோர் அவருடைய பிழைகளைத் திருத்துவதிலே நெடுநாள் செலவிட்டனர்.

இவர்களினும் நமக்கு மிகவும் பயன்பட்டவர் ஜோர்ஜ் லூயிஸ். 1881, 1882ஆம் ஆண்டுகளில் இங்கு வந்து வண்டு சேகரித்த அவர், போகவந்தலாவை, டிக்கோயா என்று இடப்பெயரைக் குறித்ததோடு, அவ்விடங்களின் உயரத்தையும் அடிக்கணக்கிற் குறித்து வைத்தார். அவர் சேர்த்த தரைவண்டுகளை அமேசன் காடுகளில் ஆராய்ந்து புகழ்பெற்ற ஹென்றி வோல்டர் பேட்ஸ் 1886இல் விவரித்தார்.

உயரத்தைக் குறித்ததில் என்ன பெருமை என நீங்கள் கேட்கலாம். மலைவாழ் தரைவண்டுகள் பலவற்றுக்குச் சிறகுகள் குறுகிவிட்டன. பறக்கவியலாத பூச்சிக்கு அடுத்த மலை அடுத்த தீவுக்கு ஒப்பாகும். பனியூழிக் காலங்களிற் கடல் தாழ்ந்து, இலங்கையும் இந்தியாவும் நிலத்தாலே தொடுக்கப்பட்டிருந்தன. ஆயினும் இடைப்பட்ட நிலம் வறண்ட சமவெளி. ஈரக்காட்டு உயிர்கள் பல அதைக் கடக்க இயலவில்லை. ஆதலால் மேற்குத்தொடர்ச்சி மலையில் உறவினர் இருந்தும், நம் வண்டுகள் தனிவழியே மாறி வளர்ந்தன. தரைவண்டுகளுக்கு நெருங்கிய புலிவண்டுகளைப் பாருங்கள்: இங்குள்ள 59 வகைகளுள் 39 இலங்கைக்கே உரியவை எனக் கணக்கிட்டுள்ளனர். அவற்றுட் சில எறும்பைப் போன்ற உருவுடன், பறக்காமல் மரத்தண்டுகளில் ஓடித் திரிவன.

1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை வீழ்த்தியது. காடு மீளவில்லை, தேயிலை வந்தது. லூயிஸ் இங்கே வண்டு தேடியது இம்மாற்றம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேதான். பின்னர் அன்ட்ரூஸ் என்பார் 1929இலும் 1935இலும் இந்திய, இலங்கைத் தரைவண்டுகளைப் பற்றி இரு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். 1984இல் அமெரிக்கரான டெரி எர்வின் நம் தரைவண்டுகள் எங்கிருந்து வந்தன என்பதை ஆராய்ந்து எழுதினார்.

லூயிஸ் சேகரித்த வண்டுகள் இலண்டன் நூதனசாலையில் ஊசியிற் குத்தப்பட்டு, இடமும் உயரமும் எழுதிய சிறு துண்டுகளுடன் இருக்கின்றன. அத்துண்டுகள் சொல்லும் போகவந்தலாவைச் சரிவுகளில் இன்று பெரும்பாலும் தேயிலையே நிற்கின்றது. தோட்டங்களுக்கு மேலே மலைமுகடுகளிலும் ஓடைக்கரைகளிலும் காடு துண்டுதுண்டாக எஞ்சியுள்ளது. அவ்வண்டுகளின் வழித்தோன்றல்களைத் தேடுவோர் அங்கேதான் மரம் புரட்டிப் பார்க்கவேண்டும்.