எந்தப் படம் பார்க்கலாம்? ஒரு பழைய கேள்வியின் கதை



போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒரு போன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். இப்போது அவனுக்கே எட்டாம் வகுப்பு படிக்கிற மகள் இருக்கிறாள். "டீச்சர், பாப்பா எந்நேரமும் செல்லுல படம் பாத்துக்கிட்டே இருக்கு. எதைப் பாக்கலாம், எதைப் பாக்கக் கூடாதுன்னு உங்க சர்ச்சுல ஏதாச்சும் லிஸ்ட் இருக்கா டீச்சர்?" என்று கேட்டான்.

"இருக்குப்பா. ஆனா நீ நினைக்கிற லிஸ்ட் இல்ல. எழுதிப் போடறேன்" என்றேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

சினிமாவுக்கும் கிறிஸ்தவத்துக்கும் ஆரம்பத்தில் சண்டையே இல்லை. 1905-ல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த கோயம்புத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அந்தச் சுருள்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் என்ற அரங்கத்தைக் கட்டினார். அதேபோல், பம்பாயில் கிறிஸ்துவின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்த தாதாசாகேப் பால்கே, நம் தெய்வங்களையும் இப்படித் திரையில் காட்ட வேண்டும் என்று கிளம்பினார். 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' பிறந்தது.

பயம் பின்னால்தான் வந்தது. அது பெரிதாக வெடித்தது அமெரிக்காவில். 1930-ல் அங்கே படத் தயாரிப்பாளர்களுக்கான ஒழுக்க விதிகளை எழுதியவர்கள் இரண்டு கத்தோலிக்கர்கள்: டேனியல் லார்ட் என்ற சேசு சபைக் குருவும், மார்ட்டின் குயிக்லி என்ற பத்திரிகை அதிபரும். விதிகளைப் படமுதலாளிகள் மதிக்கவில்லை என்று கண்டதும், ஆயர்கள் 'லீஜன் ஆஃப் டீசென்ஸி' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1934-ல் லட்சக்கணக்கான மக்கள் கெட்ட படங்களைப் பார்ப்பதில்லை என்று வாக்குறுதி எடுத்தார்கள். இந்த இயக்கம் படங்களுக்கு நாம் ரேங்க் கார்டு போடுவதுபோல ஏ, பி, சி என்று தரம் போட்டது. ஏ என்றால் குறையில்லை. பி என்றால் ஓரளவு ஆட்சேபத்துக்கு உரியது. சி என்றால் கண்டிக்கப்பட்டது. சி விழுந்தால் வசூல் விழும் என்பதால், படமுதலாளிகள் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார்கள். இமயமலையில் மடம் நடத்தும் அருட்சகோதரிகளின் கதையான 'பிளாக் நார்சிசஸ்' (1947) முதலில் கண்டிக்கப்பட்டு, சில காட்சிகளை வெட்டிய பிறகே தப்பியது.

1936-ல் திருத்தந்தை 11-ஆம் பயஸ் சினிமாவைப் பற்றி 'விஜிலாந்தி கூரா' என்ற சுற்றுமடலை எழுதினார். ஒவ்வொரு நாட்டிலும் அலுவலகம் வைத்து, படங்களைத் தரம் பிரித்து மக்களுக்கு அறிவிக்கச் சொன்னார். ஆனால் நல்ல படம் மனிதரை உயர்த்தும் என்றும் அதே மடலில் சொன்னார். வெட்டியவர்கள் இந்தப் பாதியை மறந்துவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இத்தாலியில் தெ சீக்கா எடுத்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்ற படத்துக்கு நடந்ததைப் பாருங்கள். சுவரொட்டி ஒட்டும் ஓர் ஏழைத் தகப்பனின் சைக்கிள் திருடு போகிறது. அது இல்லாவிட்டால் வேலை இல்லை. சின்ன மகனைக் கூட்டிக்கொண்டு ரோமாபுரித் தெருக்களில் நாள் முழுக்கத் தேடுகிறான். கடைசியில் அவனே ஒரு சைக்கிளைத் திருடி, மகன் கண்முன்னே பிடிபடுகிறான். 1950-ல் இதற்கு அமெரிக்கத் திரைத்துறையின் தணிக்கை அலுவலகம் முத்திரை தர மறுத்தது. காரணம், பையன் சுவரோரம் ஒன்றுக்கு ஒதுங்கும் காட்சியும், திருடனைத் துரத்தி ஒரு விலைமாதர் வீட்டுக்குள் நுழையும் காட்சியும்! அலுவலகத் தலைவர் ஜோசப் பிரீன் ஒரு கத்தோலிக்கர். இரண்டையும் வெட்டச் சொன்னார். தெ சீக்கா மறுத்துவிட்டார்.

அதே காலத்தில் இன்னொரு இத்தாலியரான ரோசெல்லினியின் 'தி மிராக்கிள்' படத்தைக் கர்தினால் ஸ்பெல்மன் கண்டித்தார். தியேட்டர் வாசலில் மறியல் நடந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1952-ல் சினிமாவுக்கும் பேச்சுரிமை உண்டு என்று தீர்ப்பானது.

அதன்பின் திருச்சபையின் பேச்சு மெல்ல மாறியது. 1957-ல் 12-ஆம் பயஸ், படத்தைப் புரிந்து பார்க்க இளையோருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று எழுதினார். 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தீமையைக் காட்டுவதுகூட மனிதரை ஆழமாக அறிய உதவலாம் என்றது. ஆனால் அது கெட்ட ஆசையைத் தூண்டுவதாக இருக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. அடுத்த ஆண்டே ஓர் ஆச்சரியம். கம்யூனிஸ்டும் கடவுள் நம்பிக்கை இல்லாதவருமான பசோலினி, மத்தேயு நற்செய்தியைப் படமாக எடுத்து, 23-ஆம் யோவானின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். வெனிஸ் விழாவில் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பே அதற்கு விருது கொடுத்தது.

1995-ல் சினிமாவுக்கு நூறு வயது நிறைந்தபோது வத்திக்கான் 45 படங்களின் பட்டியலை வெளியிட்டது. சமயம், மனித மதிப்பு, கலை என்று மூன்று தலைப்பு, தலைப்புக்கு 15 படம். இது பார்க்கக் கூடாத பட்டியல் இல்லை, பார்க்க வேண்டிய பட்டியல். முத்திரை மறுக்கப்பட்ட 'பைசைக்கிள் தீவ்ஸ்' அதில் இருக்கிறது. கண்டிக்கப்பட்ட ரோசெல்லினியின் இரண்டு படங்கள் இருக்கின்றன. பசோலினியும் இருக்கிறார். 1982-ல் வந்த 'காந்தி'யும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 1927-ல் நம் சென்னை வழக்கறிஞர் ரங்காச்சாரியார் தலைமையிலான சினிமா விசாரணைக் குழுவிடம், சினிமாவால் தீமைதான் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டவர் காந்தி. 1921-ல் நம் மதுரையில் நாலு முழ வேட்டிக்கு மாறிய அந்த மனிதரை உலகத்துக்குக் காட்டியது ஒரு சினிமா!

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், திங்கட்கிழமை காலையில் "நேத்து யாரெல்லாம் படத்துக்குப் போனது?" என்று கேட்டு எழுப்பி நிறுத்துவேன். உங்களில் சிலர் நின்றிருப்பீர்கள். ஒரு பையன், 'என்னை அழவைத்த நிகழ்ச்சி' என்ற கட்டுரையில் ஒரு படத்தில் வந்த அப்பாவைப் பற்றி எழுதியிருந்தான். சினிமாவைப் பற்றியா எழுதுவது என்று குறுக்கே கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவனுக்கு அப்பா இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பல வருடம் கழித்து 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்தபோது, கடைசிக் காட்சியில் அந்தச் சின்னப் பையன் அப்பாவின் கையைப் பிடித்தானே, அப்போது எனக்கு அந்தக் கட்டுரை நோட்டுதான் ஞாபகம் வந்தது. அந்த அலுவலகம் சுவரோரக் காட்சியைப் பார்த்தது, அப்பனையும் மகனையும் பார்க்கவில்லை. நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

அதற்காக எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. சாமி படம் என்பதாலேயே நல்ல படம் ஆகிவிடாது என்பதும் உண்மை. 1948-ல் மாதா பக்திக் கதையான 'ஞானசௌந்தரி'யை இரண்டு நிறுவனங்கள் எடுத்தன. சிட்டாடல் எடுத்தது பெரிய வெற்றி. ஜெமினி எடுத்ததை மக்கள் ஏற்கவில்லை. கதை ஒன்றுதான், மாதாவும் ஒருவர்தான்.

ஆகவே தம்பி, உனக்கு நான் பட்டியல் தரவில்லை. பாப்பாவோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரு படம் பார். முடிந்ததும் இந்த நாலு கேள்வியைக் கேள்.

1. இந்தப் படத்தில் வலி யாருக்கு? அந்த வலியை மதித்துக் காட்டினார்களா, வேடிக்கையாக்கினார்களா?
2. தப்பு செய்தவன் அதற்கு விலை கொடுத்தானா, கைதட்டல் வாங்கினானா?
3. பெண்ணை மனுஷியாகக் காட்டினார்களா, பொருளாகக் காட்டினார்களா?
4. பார்த்து முடித்த பிறகு யார் மேலாவது உனக்குக் கூடுதல் இரக்கம் வந்ததா?

யு, ஏ என்ற அரசுச் சான்றிதழ் வயதைத்தான் சொல்லும், தகுதியைச் சொல்லாது. அதைச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அவள் பதில் சொல்லும்போது மட்டும் குறுக்கே கோடு போட்டுவிடாதே.

அந்தக் கட்டுரை எழுதிய பையன் இதை வாசித்தால், டீச்சரை மன்னித்துவிடு ராசா. பரவைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா, அந்தக் கதையை நீ சொல்லக் கேட்க வேண்டும்.

உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்து, மனதில் நின்ற படம் எது? எல்லாரும் கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், பரவை