செங்கல்லில் எழுந்த கடலடையாளம்

நம் நாட்டுத் துறைமுகங்களின் வரலாறு பெரும்பாலும் கோட்டைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. எந்தத் தளபதி எந்த ஆண்டில் எந்தக் கொத்தளத்தைக் கைப்பற்றினான் என்பது பாடநூல்களில் உண்டு. துறைமுகத்தை நம்பி வாழ்ந்த மக்கள் தமக்கென எதைக் கட்டினார்கள் என்பதோ அரிதாகவே கூறப்படுகிறது.

திருகோணமலையையே எடுத்துக்கொள்வோம். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். பின்னாளில் பிரெட்றிக் கோட்டை எனப் பெயர்பெற்ற அதன் வாயிலில் தமிழ்ச் சாசனக் கல்லொன்று இன்றும் அதற்குச் சான்று பகர்கிறது. ஆதிக்கம் கட்டடம் எழுப்பும் முறை அது.

மக்கள் கட்டும் முறையைக் காணக் கொழும்புத் துறைமுகத்தை அடுத்த புறக்கோட்டைக்குச் செல்ல வேண்டும். சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் என மக்கள் வழங்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல் அங்கே 1908இல் தொடங்கப்பெற்று 1909இல் நிறைவெய்தியது. கட்டுவித்தோர் தென்னிந்திய முஸ்லிம் வணிகர். வரைந்தவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. கட்டடக்கலையில் முறையான பயிற்சி பெறாத அவர், வணிகர்கள் கொண்டுவந்து தந்த இந்தோ-சரசனியக் கட்டடங்களின் படங்களைக் கொண்டே திட்டம் வகுத்தார் என்பர்.

இங்கே ஓர் உண்மையை நாம் ஊன்றி நோக்க வேண்டும். இதே பாணியில் 1892இல் திறக்கப்பட்ட சென்னை உயர்நீதிமன்றம் பேரரசின் அதிகாரத்தைப் பறைசாற்றியது. அந்த அதிகாரப் பாணியைக் கடைத்தெரு மக்கள் எடுத்துத் தம் தொழுகைக்கு உரியதாக்கினர். சிவப்பும் வெள்ளையுமாய் மாறிமாறி அடுக்கிய செங்கற்களும், மாதுளங்கனி போன்ற குவிமாடங்களும், மணிக்கூண்டும் எழுந்தன. கொழும்பை நெருங்கிய மாலுமிகள் அவற்றையே துறைமுகத்தின் அடையாளமாகக் கண்டனர்.

ஆயினும், ஆறே ஆண்டுகளில், 1915இல் மூண்ட கலவரத்தில் கரையோரச் சோனகர் எனப்பட்ட அவ்வணிகரே அந்நியரெனத் தாக்கப்பட்டனர். நகருக்கு முகம் தந்தவரை நகருக்கு உரியவரல்லர் என்று சொல்ல, வரலாறு எழுதப்படாத மௌனமும் துணைபோயிற்று.

அந்த மௌனம் நம் மாவட்டத்திலும் நீடிக்கலாகாது. 2004இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. 2006இல் போர் மூதூர் மக்களை ஊர்பெயரச் செய்தது. மக்கள் சிதறும்போது அவர்தம் நினைவும் சிதறுகிறது. ஆகவே, கிண்ணியாவிலும் மூதூரிலும் திருகோணமலைப் பட்டினத்திலும் உள்ள கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஒவ்வொன்றையும் யார் வரைந்தார், யார் கல் சுமந்தார், எவர் பொருள் ஈந்தார் என்பதை முதியோர் வாய்மொழியிலிருந்து நம் மாணவர் இன்றே எழுதிவைக்க வேண்டும். கோட்டைகளுக்கு வரலாற்றாசிரியர் பலர் உளர். கொத்தர்க்கும் ஒருவர் வேண்டும்.