நுரையின் கணக்கு: இந்திய வீடுகளின் துப்புரவுப் பொருள்கள் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

(சற்றே நீண்ட பதிவு. சூழல் வரலாறு பயிலும் மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

ஆண்டுதோறும் சத் பூஜைக் காலத்தில், தில்லியின் காளிந்தி குஞ்ச் அருகே யமுனை வெண்ணுரை போர்த்துக் கிடக்கிறது. 2021 நவம்பரில் அந்த நுரைக்குள் இறங்கி நின்று கதிரவனை வழிபட்ட பெண்களின் படங்கள் உலகெங்கும் பரவின. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் புதிய அளவீடுகளுக்கு உட்படாத சோப்புகளையும் சலவைத்தூள்களையும் தில்லியில் விற்கலாகாது என்று ஆணை பிறப்பிக்கப்பட்டிருந்தது. தடை ஜூனில் வந்தது. நுரையோ நவம்பரிலும் இருந்தது. தில்லியில் ஆய்வு மாணவனாக இருக்கும் எனக்கு இந்த இடைவெளி நெடுநாள் உறுத்தலாக இருந்துவந்தது. அதனை வரலாற்றின் துணைகொண்டு விளங்கிக்கொள்ளும் முயற்சியே இப்பதிவு.

நஞ்சில்லாத, சூழலுக்கு இசைவான பொருள்களையே வீட்டுத் துப்புரவுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற அறிவுரையை இன்று எங்கும் கேட்கிறோம். அறிவுரை நல்லதே. ஆனால் அதனுடன் ஒரு கதையும் ஒட்டிக்கொண்டு வருகிறது: நம் முன்னோர் இயற்கைப் பொருள்களால் தீங்கின்றித் தூய்மை செய்தனர், பின்னர் இரசாயனங்கள் வந்து எல்லாவற்றையும் கெடுத்தன என்பது அக்கதை. ஆவணங்களை நோக்கினால் இதில் பாதியே தேறும்.

தெற்கே பூந்திக்கொட்டை என்றும் வடக்கே ரீத்தா என்றும் வழங்கும் காயிலிருந்தே தொடங்கலாம். அம்மரத்துக்குத் தாவரவியலாளர் இட்ட ‘சபிண்டஸ்’ என்னும் பெயர், ‘இந்தியச் சோப்பு’ எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களின் சேர்க்கை. பட்டையும் கம்பளியையும் நகைகளையும் அக்காயின் நுரையால் கழுவும் வழக்கம் நெடுங்காலத்தது. அந்நுரைக்குக் காரணமான சபோனின் என்னும் பொருள் மீன்களுக்கு நஞ்சு. நீர்நிலைகளில் மீன்களை மயங்கச் செய்து பிடிப்பதற்கும் இக்காய் பயன்பட்டது. இயற்கையானது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அன்றாடப் பருத்தித் துணிகளை வெளுத்ததோ பெரும்பாலும் உவர்மண். கங்கைச் சமவெளியின் களர் நிலங்களில் வெண்பொடியாகப் பூக்கும் இவ்வுப்பினை ‘ரேஹ்’ என்றும் ‘சஜ்ஜி’ என்றும் வழங்கினர். 1889 முதல் 1893 வரை வெளிவந்த ஜார்ஜ் வாட்டின் இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதி இவற்றைக் குறித்துப் பேசுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கால்வாய்ப் பாசனத்தால் நிலத்தடி நீர் மேலெழுந்து களர் பரவியபோது, உழவருக்குக் கேடாக அமைந்த அதே உப்பு சலவைத் தொழிலாளருக்கு மூலப்பொருளாக இருந்தது. அதிலுள்ள சோடியம் கார்பனேட் கடுங்காரம். அழுக்கை அகற்றுவதோடு தோலையும் அரிக்கும். அக்காரத்தில் நாள்தோறும் கைநனைத்தவர்கள் யார் என்பதைச் சாதி தீர்மானித்தது. துணியை வெளுக்கக் கொடுத்த வீட்டார்க்கு அத்தூய்மை தீங்கற்றதாகவே தோன்றியிருக்கும். தீங்கு அவர்கள் பார்வைக்கு அப்பால், படித்துறையில் நிகழ்ந்தது. அன்றைய ஆறுகள் நுரைக்காமல் இருந்ததற்கு, கழுவப்பட்ட பொருளின் அளவு சிறிது என்பதும் ஓடிய நீர் மிகுதி என்பதும் முதன்மையான காரணங்கள்.

அடுத்த திருப்பம் 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக். நகராட்சியினர் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். தெருக்களிலும் சாக்கடைகளிலும் கார்பாலிக் அமிலத்தைக் கொட்டிக் கழுவினர். பிளேக்கைப் பரப்புவது எலித்தெள்ளு என்பது அப்போது தெளிவுபடவில்லை. ஆகவே அந்த அமிலத்தால் விளைந்த பயன் குறைவே. எனினும் ஒரு மணம் மக்கள் நினைவில் தங்கிவிட்டது. பிரபுல்ல சந்திர ராய் தொடங்கி, 1901இல் நிறுவனமாகப் பதிவுபெற்ற வங்க இரசாயன ஆலையின் பினாயில் சுதேசிப் பொருளாக வீடுகளுக்குள் நுழைந்தது. மருத்துவமனை நெடியே தூய்மையின் அடையாளம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிய வழி இது. இன்று எலுமிச்சை மணமும் வேப்ப மணமும் அவ்விடத்தைப் பிடித்துள்ளன. மணம் என்பது சேர்க்கப்பட்ட வாசனைப் பொருளைப் பற்றிய செய்தியே தவிர, எஞ்சிய கலவையின் தன்மைக்குச் சான்றாகாது.

சலவைத்தூளின் வரலாறு இதனினும் சிக்கலானது. இந்துஸ்தான் லீவர் 1959இல் சர்ஃப் தூளை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1969இல் அகமதாபாத்தில் வேதியியல் பயின்ற கர்சன்பாய் பட்டேல், தம் வீட்டிலேயே தயாரித்த நிர்மாவை மிதிவண்டியில் எடுத்துச்சென்று, ஏறத்தாழ கால்பங்கு விலைக்கு விற்றார். விலைமிகுந்த தூள்களில் கடினநீரை மென்மையாக்கப் பாஸ்பேட் சேர்ப்பது வழக்கம். மலிவுத் தூள்களில் அப்பணியைச் சலவைச் சோடா செய்தது. பாஸ்பேட் நீர்நிலையைச் சென்றடைந்தால் பாசிக்கு உரமாகி ஆக்சிஜனைக் குறைத்துவிடும். சோடா மிகுந்தாலோ துவைப்பவரின் கையை எரிக்கும். ஒன்று ஏரிக்குக் கேடு, மற்றொன்று கைக்குக் கேடு. எது நஞ்சற்றது என்ற வினாவை எவரை முன்னிட்டுக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

இந்நிலையில் மேற்கு ஜெர்மனியின் பட்டறிவை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். 1950களில் அந்நாட்டு ஆறுகளும் நுரையால் மூடப்பட்டன. கிளைத்த அமைப்புடைய சலவை மூலக்கூறுகளை நுண்ணுயிரிகளால் எளிதில் சிதைக்க இயலாமையே காரணம். 1961இல் சட்டம் இயற்றப்பட்டது. 1964 அக்டோபர் முதல், குறைந்தது 80 விழுக்காடு சிதையாத சலவை வேதிப்பொருளுக்கு அங்கே இடமில்லை என்றாயிற்று. ஆலைகள் நேர்ச்சங்கிலி அமைப்புடைய மூலக்கூறுகளுக்கு மாறின, நுரை தணிந்தது. வாங்குவோர் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்து நிகழ்ந்த மாற்றம் அன்று இது. கடைக்குப் பொருள் வருமுன்னரே தேர்வு முடிந்துவிட்டது.

இந்தியா வேறு வழியில் சென்றது. 1991இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் ‘ஈகோமார்க்’ முத்திரையை அறிமுகப்படுத்தியது. மண்பானையைச் சின்னமாகக் கொண்ட அத்திட்டத்தின் தொடக்ககாலப் பொருள்வகைகளுள் சோப்பும் சலவைத்தூளும் இடம்பெற்றன. ஆனால் முத்திரை பெறுவது உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. முத்திரை இல்லாததால் எவருக்கும் இழப்பில்லை. இருந்ததால் விற்பனை பெருகும் என்ற நம்பிக்கையும் இல்லை. கேட்பார் இன்மையால் தருவார் இல்லை, தருவார் இன்மையால் அறிவார் இல்லை என்றவாறு முப்பதாண்டுகள் கழிந்தன. 2024இல் புதிய ஈகோமார்க் விதிகள் அறிவிக்கப்பட்டன. அவையும் விருப்பத்தின்பாற்பட்டவையே.

நேர்ச்சங்கிலி மூலக்கூறுகளுக்கான மூலப்பொருள் நம் நாட்டிலேயே உற்பத்தியாகிறதே, சென்னை மணலியிலும் அதற்கோர் ஆலை உண்டே, பின் ஏன் யமுனை நுரைக்கிறது என்று கேட்கலாம். இங்குதான் முடிச்சு இருக்கிறது. அம்மூலக்கூறுகளைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளுக்கு ஆக்சிஜன் வேண்டும். தில்லியின் பெருவடிகால்கள் வந்து கலந்தபின் யமுனையில் கரைந்துள்ள ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லாது போகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டின் நகரங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 72,000 மில்லியன் லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. உண்மையில் சுத்திகரிக்கப்படுவது ஏறத்தாழ 20,000 மில்லியன் லிட்டரே. உறையில் ‘மக்கக்கூடியது’ என்று அச்சிட்ட தூளும் இத்தகைய நீரில் மக்காமல் மிதக்கும். ஓக்லா அணையில் நீர் விழும்போது நுரையாக எழும். பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி 2015இல் நுரைத்துத் தீப்பற்றியதற்கும் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரே அடிப்படை. மக்கும் தன்மை தூளுக்கு மட்டும் உரிய பண்பன்று; அது சென்று சேரும் நீருக்கும் உரிய பண்பு. ஜெர்மனியில் சட்டத்தோடு சுத்திகரிப்பு நிலையங்களும் இருந்தன. 2021இன் தில்லி ஆணைக்கு அந்தத் துணை போதிய அளவில் அமையவில்லை.

இனி வீட்டுக்குள் திரும்புவோம். 2013இல் உச்ச நீதிமன்றம், அமில வீச்சுக்கு ஆளான ஒரு பெண் தொடுத்த வழக்கில், கடைகளில் அமிலம் விற்பதற்குக் கட்டுப்பாடுகள் விதித்தது: வாங்குவோரின் அடையாளச் சான்று வேண்டும், பதிவேடு வேண்டும், பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு விற்கலாகாது. கழிப்பறை கழுவுவதற்கென மலிவாகக் கிடைத்த பொருள் அது. வீட்டுத் துப்புரவுப் பொருள் ஒன்றின் நச்சுத்தன்மை நீதிமன்றம் வரை சென்றது, அது ஓர் ஆயுதமானபோதுதான். அதனை நாள்தோறும் கையாளும் தொழிலாளரின் மூச்சும் தோலும் அவ்வளவு கவனம் பெறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் தங்கியிருந்த விடுதியொன்றில், துப்புரவுப் பணி செய்த அம்மா ஒருவர் பிளீச்சிங் பவுடர் தூவிய தரையில் ஆசிட்டை ஊற்றிவிட்டு, இருமியபடியே வெளியே ஓடிவந்தார். அவ்விரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும் என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் முறையிட்டபின் பச்சை இலை அச்சிட்ட புதிய புட்டிகள் வந்தன. கையுறை கடைசிவரை வரவில்லை. ‘அது வாசனையா இருக்கு தம்பி, கை எரியறது மட்டும் அப்படியேதான் இருக்கு’ என்றார் அவர். இவ்வரலாறு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுவதாக எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே, தேர்வு வீண் என்று நான் கூறவில்லை. பாஸ்பேட் இல்லாத தூளை வாங்குவோம்; அளவைக் குறைப்போம்; அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் பயன்படுத்தாதிருப்போம்; மணத்தையும் இலைப்படத்தையும் கண்டு மயங்காது, உட்பொருள்களின் பட்டியலைக் கேட்போம். இவற்றோடு வரலாறு நமக்குக் கற்பிக்கும் இரண்டு வினாக்களையும் சேர்த்துக்கொள்வோம்: இப்பொருள் யாருடைய கையைக் கடந்து செல்கிறது? இந்நீர் எந்த வடிகாலில் சென்று சேர்கிறது? முதல் வினா கையுறைக்கும் கூலிக்கும் இட்டுச்செல்லும். இரண்டாவது வினா நகராட்சிக்கும் சட்டமன்றத்துக்கும் இட்டுச்செல்லும். கடை அலமாரியின் முன் நின்று மட்டும் இவற்றுக்கு விடை காண இயலாது.

சலவைத் தொழில், நகராட்சித் துப்புரவு ஆகியவை குறித்து மாவட்ட ஆவணங்களில் பணியாற்றும் நண்பர்கள் தம் கருத்துகளைப் பகிர வேண்டுகிறேன். பிழையிருப்பின் சுட்டுக, திருத்திக்கொள்வேன்.