திசையன்

அளவோடு திசையையும் சொன்னால்தான் பொருள் முழுமையாகும் இயற்பியல் அளவு திசையன். இடப்பெயர்ச்சி, திசைவேகம், முடுக்கம், விசை, உந்தம் ஆகியவை திசையன்கள். நிறை, நேரம், வெப்பநிலை, ஆற்றல் ஆகியவற்றுக்கு எண்ணும் அலகும் போதும், அவை திசையிலிகள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இன்று வெக்டர், ஸ்கேலர் என்றே எழுதுகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இவை காவி, எண்ணி. லத்தீனில் வெக்டர் என்றால் சுமந்து செல்பவர். காவுதல் என்றால் சுமத்தல். காவடியில் இருப்பதும் அந்தக் ‘கா’தான். மூலச்சொல்லின் பொருளை இவ்வளவு நெருங்கிய தமிழ்க் கலைச்சொற்கள் அரிது.

தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை அறியச் சென்னையின் அடையாறு முகத்துவாரத்துக்குப் போனால் போதும். வடகரையில் பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரம், தென்கரையில் ஊரூர் குப்பம். இடையில் இருப்பது ஆற்றின் அகலம் மட்டுமே. இரு கரையையும் இணைத்த சிறு பாலம் 1977-இல் வெள்ளத்தில் உடைந்தது. அதன் பிறகு சாலை வழியே போகிறவர் மேற்கே திரு.வி.க. பாலம் வரை சென்று சுற்றிவர வேண்டியிருக்கிறது. கடந்த தொலைவு பல கிலோமீட்டர். இடப்பெயர்ச்சி ஓர் ஆற்றின் அகலம். அதே வழியில் வீடு திரும்பினால் தொலைவு இரட்டிப்பாகும், இடப்பெயர்ச்சி சுழியாகும். அதற்குச் சுழித் திசையன் என்று பெயர்.

“அளவும் திசையும் உடையது திசையன்” என்ற வரையறையை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அது பாதி உண்மைதான். மின்னோட்டத்துக்கும் அளவு உண்டு, திசை உண்டு. ஆனால் அது திசையன் அன்று. 3 ஆம்பியரும் 4 ஆம்பியரும் ஒரு சந்திக்கு வந்து சேர்ந்தால், கம்பிகள் எந்தக் கோணத்தில் இருந்தாலும் வெளியேறுவது 7 ஆம்பியரே. செங்குத்தாகச் செயல்படும் 3 நியூட்டன், 4 நியூட்டன் விசைகளோ 5 நியூட்டனுக்கே சமம். இணைகர விதிப்படி கூடுவதே திசையன். அம்புக்குறி வெறும் அடையாளம். கூட்டல் விதிதான் உயிர். இந்த வேறுபாட்டை முதல் பாடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

திசையைப் பெயருக்குள்ளேயே வைத்துப் பேசுவது தமிழுக்குப் பழைய வழக்கம். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல். ஆனால் இரண்டு திசையளவுகளைக் கூட்டும் கணக்கு உருவாக நெடுங்காலம் ஆயிற்று. 1586-இல் சைமன் ஸ்டெவின் சாய்தளத்தில் விசைகளின் சமநிலையை ஆராய்ந்தார். 1687-இல் நியூட்டன் தம் இயக்க விதிகளை அடுத்து இணைகர விதியைக் கிளைத்தேற்றமாக வைத்தார். 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் ஹாமில்டன் குவாட்டர்னியன்கள் என்ற நாற்கூறு எண்களைக் கண்டார். அவற்றை எண் பகுதி, திசைப் பகுதி எனப் பிரித்தபோதுதான் ஸ்கேலர், வெக்டர் என்ற பெயர்கள் இன்றைய பொருளை நெருங்கின. இன்று வகுப்பறையில் உள்ள வடிவம் அமெரிக்காவில் கிப்ஸும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியே உருவாக்கியது. கிப்ஸின் விரிவுரைகளைக் கொண்டு எட்வின் வில்சன் எழுதிய நூல் 1901-இல் வந்தது.

அந்தப் பெயர்கள் பிறப்பதற்கு முன்பே, நீளத்தையும் திசையையும் சேர்த்துக் கணக்கிடும் வேலை சென்னையில் தொடங்கியிருந்தது. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பிறகு தியோடலைட்டால் கோணங்களை அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாடு முழுவதற்கும் அளவை விரிந்தது. ஒரு நீளமும் பல திசைகளும் சேர்ந்தால் தொலைவிலுள்ள குன்றின் இடத்தைச் சொல்லிவிடலாம் என்பதே அதன் அடிப்படை.

ஒரு திசையனைச் செங்குத்தான இரு திசைகளில் பிரிப்பது கூறுகளாக்கல். பங்குனியில் மயிலாப்பூர் மாடவீதியில் கபாலீசுவரர் தேரின் வடத்தைப் பிடித்தவர்களுக்கு இது கையறிந்த செய்தி. தேர் செல்லும் திசைக்கு 60 பாகை சாய்வாக இழுத்தால் அந்த விசையில் பாதிதான் தேரை முன்னே நகர்த்தும். இருபுறமும் சமமாக இழுத்தால் பக்கக் கூறுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், முன்கூறுகள் கூடும்.

திசையன்களைப் பெருக்கவும் இரண்டு வழிகள் உண்டு. புள்ளிப் பெருக்கல் எண்ணைத் தரும். விசையும் இடப்பெயர்ச்சியும் சேர்ந்து வேலையாவது அப்படித்தான். குறுக்குப் பெருக்கல் இரண்டுக்கும் செங்குத்தான புதிய திசையனைத் தரும். அதில் வரிசை மாறினால் குறியும் மாறும். புரதத்தின் பிணைப்புகளைத் திசையன்களாகக் கொண்டு இவ்விரு பெருக்கல்களையும் செய்தால் அதன் முறுக்குக் கோணங்கள் கிடைக்கும். எந்தக் கோணங்கள் இயலும், எவை இயலா என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரும் கணக்கிட்டு 1963-இல் வெளியிட்ட வரைபடம், ராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரில் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

கூறுகளாக்கலையும் கூட்டலையும் ஒருங்கே காட்டும் இடம் மெரினா கடற்கரை. அலை கரையைச் சாய்வாகத் தாக்கும்போது அதன் ஒரு கூறு கரைக்குச் செங்குத்தாகவும் மறு கூறு கரையோரமாகவும் செயல்படும். மணலைக் கரையோரமாக நகர்த்துவது இரண்டாவது கூறு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே போகும்; வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கே திரும்பும். எதிர்த் திசையன்களைக் கூட்டினால் மிஞ்சும் ஆண்டுத் தொகுபயன் வடக்கு நோக்கியது. 1870-களில் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கியதும் அந்த மணல் அவற்றின் தெற்கே தடைபட்டுத் தேங்கியது. 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்ட கரை, அதன் பின்னும் ஆண்டுதோறும் அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்ற ராயபுரம், காசிமேடு கரைகளைக் கடல் அரித்தது. அங்கே இன்று மணலுக்குப் பதில் கருங்கல் சுவர் இருக்கிறது.