முகவரிக் காட்டில் ஒரு பெரட்டு



நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்த நமக்குப் பெரட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் பெயர் கூப்பிடுவார்கள். குரல் கொடுத்தவர் வேலைக்கு வந்தவர். இணையத்தில் இயங்கும் கருவிகளைக் கண்டறிவதும் ஏறக்குறைய இவ்வாறே. ஒவ்வோர் எண் முகவரிக்கும் ஒரு சிறு செய்தி அனுப்புவர். மறுமொழி வந்தால், அங்கே ஒரு கருவி விழித்திருக்கிறது என்று பொருள்.

1981-இல் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பு முகவரிகள் 32 இருமஎண்கள் கொண்டவை. மொத்தம் ஏறத்தாழ 4.3 பில்லியன். 2013-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'இசட்மேப்' என்னும் மென்பொருளை வெளியிட்டனர். ஒரே கணினியைக் கொண்டு அத்தனை முகவரிகளுக்கும் 45 நிமிடங்களுக்குள் பெரட்டு எடுத்துவிட முடிந்தது!

அதற்கு முன்பே, 2011 பிப்ரவரியில், உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த பழைய முகவரிகள் தீர்ந்துவிட்டன. மாற்றாக 1998-இலேயே வரையறுக்கப்பட்டிருந்தது ஆறாம் பதிப்பு. அதன் நீளம் 128 இருமஎண்கள். நம் நாட்டில் இதற்கென 2005-இல் பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஒரு தேசிய மையம் அமைந்தது. அதற்குத் தலைமையேற்றவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ் என்பது நமக்குப் பெருமை.

புதிய முறையில் ஒரு வீட்டின் வலையமைப்பில் மட்டும் 64 இருமஎண் அளவு இடமுண்டு. வினாடிக்கு ஒரு மில்லியன் முகவரிகளைத் தட்டினாலும், முழுவதையும் தட்டி முடிக்க ஏறத்தாழ 585,000 ஆண்டுகள் ஆகும். இக்காட்டில் நம்மை யார் கண்டுபிடிப்பார் என்று பலர் நிம்மதியடைந்தனர்.

ஆனால், ஆளைத் தேடும் கங்காணி காடு முழுவதும் அலைவதில்லை. நேரே லயத்துக்குப் போவார். ஆய்வாளர்களும் அவ்வழியே சென்றனர். நிர்வாகிகள் 1, 2, 3 என வரிசையாக எண் இடுவதைக் கண்டனர். பல கருவிகள் தம் வன்பொருள் எண்ணையே முகவரியில் பதித்துக்கொண்டன. அவ்வெண்ணின் முற்பாதி தயாரிப்பாளரைக் குறிப்பது. அது தெரிந்துவிட்டால், ஒரு வலையமைப்பில் தேட எஞ்சுவது 16.8 மில்லியன் முகவரிகளே. அதே வேகத்தில் பதினேழு வினாடி வேலை!

இதைத் தவிர்க்க, மாறிக்கொண்டே இருக்கும் தற்போக்கு முகவரிகள் 2001-இல் முன்மொழியப்பட்டன. இன்றைய கைப்பேசிகள் அவற்றைப் பயன்படுத்துகின்றன; எல்லாக் கண்காணிப்புக் கேமராக்களும் அப்படியல்ல.

ஆகவே பெற்றோர்களே, காடு பெரிது என்பதற்காகக் கதவைத் திறந்து போடாதீர்கள். கருவியுடன் வந்த கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். ஆசிரியர்களே, அடுக்கு எண்களைக் கற்பிக்கும் நாளில் இக்கணக்கை மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள்.

அன்புடன், உங்கள் ஆசிரியர்.