தர்க்க நிறுவல்: கணினிவழிப் பயிற்சியும் மதிப்பீடும்

எடுகோள்களில் தொடங்கி, விதிகள் அனுமதிக்கும் அடிகளை மட்டும் வைத்து முடிவை எட்டுவது நிறுவல். மாணவர் எழுதும் நிறுவலைக் கணினியே சரிபார்த்து மதிப்பிடும் முறையின் வரலாறு இங்கே தரப்படுகிறது. கணினி புதிது என்றாலும், அனுமானத்தின் உறுப்புகளையும் போலிகளையும் வகுத்துரைக்கும் மரபு தமிழில் பழையது. மணிமேகலையின் 29ஆம் காதை அதற்குச் சான்று. அக்காதை பௌத்தத் தர்க்க அறிஞர் திக்நாகரைப் பின்பற்றியதா, அவருக்குப் பின்வந்தோரையா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

கணினிவழி முறையின் தொடக்க வரலாற்றில் நன்கு பதிவானது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினுடையது. மெய்யியலாளர் பேட்ரிக் சப்பிஸ் 1963இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தர்க்கப் பாடத்தைக் கணினியில் இயக்கிக் காட்டினார். ‘ப எனில் ம’ என்பது முதல் வரி, ‘ப’ என்பது இரண்டாம் வரி என்றால், பிள்ளை அவ்விரு வரி எண்களையும் விதியின் இரண்டெழுத்துச் சுருக்கத்தையும் தட்டினால் போதும். ‘ம’ என்ற மூன்றாம் வரியைக் கணினி எழுதிவிடும். விதி பொருந்தாவிட்டால் வரி வராது. ஆயத்த விடையோடு ஒப்பிடும் வேலையே இதில் இல்லை. ஆசிரியர் எண்ணிப் பாராத வழியில் போன பிள்ளையின் நிறுவலும் செல்லும். இம்முறையின் பேரழகு இதுவே. 1972 முதல் அப்பல்கலைக்கழகத்தின் அறிமுகத் தர்க்கப் பாடம் முழுவதும் கணினியிலேயே நடந்தது. கணினிவழித் தர்க்கக் கல்வியின் தொடக்கமாக எதைக் கொள்வது, 1963இன் சோதனையையா 1972இன் பாடத்தையா என்பது கொள்வோரைப் பொறுத்தது.

1999இல் தர்க்க அறிஞர்கள் பார்வைஸ், எட்செமெண்டி இருவரின் தர்க்கப் பாடநூலோடு ‘கிரேடு கிரைண்டர்’ என்ற இணையவழித் திருத்தச் சேவை வந்தது. அதில் சேர்ந்த விடைகள் மாணவர் சறுக்கும் இடத்தைக் காட்டின. ‘கல்வராயன் மலையில் மழை பெய்தால் மட்டுமே கோமுகி அணை நிரம்பும்’ போன்ற வாக்கியத்தைக் குறியீட்டில் எழுதும்போது பலர் முன்பின்னாக மாற்றி, ‘மழை பெய்தால் அணை நிரம்பும்’ என்று எழுதிவிடுகிறார்கள். அணை நிரம்பியிருந்தால் மழை பெய்திருக்கிறது என்பதே சரியான பொருள். விதிகளைத் தட்டிப் பழகுவது சிந்தனையை வளர்க்கிறதா என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது.

இந்தியாவில், கான்பூர் ஐ.ஐ.டி.யின் உமைர் அகமது, அமேய் கர்க்கரே ஆகியோர் மைக்ரோசாஃப்டின் சுமித் குல்வானியுடன் சேர்ந்து, நிறுவல் கணக்குகளையும் அவற்றின் தீர்வுகளையும் தானே உருவாக்கும் முறையை 2013இல் வெளியிட்டனர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சித்தார்த்த காட்கில், நிறுவல்களைக் கணினியில் எழுதிச் சரிபார்க்க உதவும் ‘லீன்’ மொழியைக் கொண்டு நிறுவல் பாடம் நடத்தியுள்ளார். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் 12ஆம் வகுப்புக் கணிதத்தில் மெய்மை அட்டவணைகள் வருகின்றன. ஆனால் அங்கே கணினிவழி மதிப்பீடு இல்லை; பொதுத்தேர்வு விடைத்தாள்களை ஆசிரியர்களே கையால் திருத்துகின்றனர்.